டீ நேரத்துத் தலையெண்ணிக்கை

குழந்தையம்மாளின் வலது கால் கட்டைவிரல் இருக்குமா போகுமா என்பது மாநகராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பட்டியலின் கையில் இருந்தது. சர்க்கரைப் புண், மூன்று மாதமாக ஆறவில்லை. தினமும் கட்டு மாற்றினால் விரல் பிழைக்கும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அங்கே போக இரண்டு பஸ், அப்புறம் அரை நாள் வரிசை. தினமும் போனால் பனியன் கம்பெனியில் அவள் பார்க்கும் செக்கிங் வேலை போய்விடும்.

அவள் குடியிருக்கும் காலனி ஊரின் வடகோடியில், அனுப்பர்பாளையத்தையும் தாண்டி இருந்தது. வடக்கு வார்டுகளில் கட்டு மாற்ற நர்ஸ் இருக்கும் நலவாழ்வு மையங்கள் ஒவ்வொன்றாக வரப்போகின்றன. ஆள் அதிகமுள்ள இடத்துக்கு முதலில் என்பதுதான் அந்தப் பட்டியல். அதில் காலனி கடைசியில் கிடந்தது. குடியிருப்போர் நாற்பத்தொரு பேராம்!

முந்நூறு வீடு உள்ள காலனி அது. கணக்கெடுக்க வந்த புண்ணியவான்கள் வேலைநாளில் பட்டப்பகலில் வந்திருக்கிறார்கள். திருப்பூரில் அந்த நேரத்துக்கு எவர் வீட்டில் இருப்பார்? பூட்டைப் பார்த்து ‘ஆளில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தையம்மாள் நேராக அலுவலகத்துக்குள் போனாள்.

அலுவலகத்தில் மதுமதி என்ற பெண்ணிடம்தான் அந்தக் கணக்கு இருந்தது.

“ஞாயித்துக்கெழமை வாங்க கண்ணு. காலனியே இருக்கும்.”

“அன்னைக்கு எங்களுக்கும் லீவும்மா. வர்ற புதன்கிழமையோட பட்டியலை மூடிருவாங்க.”

“அப்ப புதன்கெழமை பதினோரு மணிக்கு எங்க கம்பெனி கேட்டுக்கு வாங்க. டீ டைம். காலனில முக்காவாசிப்பேரு அங்கதான் நிப்போம்.”

மதுமதிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தாள். “எல்லாரும் ஆதார் கார்டு கொண்டு வரணும். சரிங்களா?”

கம்பெனியில் சூப்பர்வைசர் சலாவுதீன் ஒரேயடியாக மறுத்தார். “வெள்ளிக்கெழமை ஷிப்மெண்ட்டுங்க. பத்து நிமிச டீல ஆவற காரியமா இது?”

அவரும் அதே காலனிக்காரர்தான். அலுவலகக் கணக்கில் அவர் வீடு இருந்த பக்கத்தைக் குழந்தையம்மாள் செல்போனில் படம் பிடித்து வந்திருந்தாள். அதை நீட்டினாள். ‘பூட்டிய வீடு. ஆளில்லை.’

“பதினஞ்சு வருசமா வீட்டு வரி கட்டறேன். நான் ஆளில்லையா?” சலாவுதீனுக்கு மூக்கு விடைத்தது. “அன்னைக்கு டீ அரை மணி நேரமுங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்.”

புதன்கிழமை டீ கிளாஸும் ஆதார் கார்டுமாகச் சனம் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மதுமதி அலுவலகத்திலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்து, ஐந்து வரிசை போட்டு எழுதினாள். அப்படியும் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது; கார்டைக் கையில் எடுத்து வைக்கச் சொல்லிக் குழந்தையம்மாள் வரிசை நெடுகப் போனாள். மணியடிக்கப் போகும் நேரத்தில் மதுமதி தலை நிமிர்ந்தாள். “அறுநூத்தி எழுபதும்மா!”

காலனி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பத்தே நாளில் வாடகைக் கட்டடம் ஒன்றில் மையம் திறந்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு நர்ஸ் வருவார், எட்டரைக்குத்தான் ஷிப்ட். குழந்தையம்மாள் ஒருநாள் தவறாமல் கட்டு மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஆறாவது வாரம் நர்ஸ் கட்டைப் பிரித்து, விரலை அழுத்திப் பார்த்து, பழைய துணியைக் குப்பையில் போட்டார். புதுத் துணி எடுக்கவில்லை.

“புண்ணு காஞ்சிருச்சுங்கம்மா. விரலுக்கு இனிப் பயமில்லீங்க.”

குழந்தையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

“இன்னொருக்கா சொல்லு கண்ணு,” என்றாள்.