ஆள் இல்லாத வீட்டில் ஓடும் ஃபிரிட்ஜ்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மின்கட்டணம் கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு முதுகு சொன்னது.

"ஆளே இல்லாத வீட்ல ஃபிரிட்ஜ் யாருக்காக ஓடணும்? நிறுத்திட்டுத்தான் கெளம்புவேன்."

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், அந்த முதுகின் தோளில் சாய்ந்தபடி ஒரு கைக்குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டு ஃபிரிட்ஜில் என்னவெல்லாம் இருக்கும்?

சிரிப்பு நின்றது. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கரண்ட் பில் வந்த அன்று மகன்—"

வேண்டாம். பில்லில் தொடங்கும் கதையை பில்லைப் போலத்தான் படிப்பார்கள். நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது: "ஃபிரிட்ஜின் முனகல் ஒரு—" ஒரு என்ன? உவமை தேடியே பாதிப் பகல் போயிற்று. (என் ஃபிரிட்ஜ் ஓடும்போது எனக்கு எழுத்து வராது. அது ஓய்கிற இடைவெளிகளில்தான் எழுதுகிறேன். அந்த அமைதிக்கு நான் அடிமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வேறொருத்திக்கு அதே அமைதி வேறு மாதிரி வரப்போகிறது.)

அதனால் நேராகவே சொல்கிறேன். கதையில் வரும் மாமனார் ஒரு லாட்ஜில் ரூம் பாயாகச் சேர்ந்து, தலை முழுக்க நரைத்த பிறகு ரூம் பாயாகவே வெளியே வந்தவர். காலியான அறையில் ஃபேன் ஓடினால் முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். வேலை போனாலும், சுவிட்சை அணைத்தே பழகிய அந்தக் கை ஓயவில்லை.

மருமகளுக்குத் துணிக்கடையில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பப் போகத் தொடங்கியிருக்கிறாள். தாய்ப்பாலை எடுத்து, சின்னச் சின்ன பாட்டில்களில் ஃப்ரீசரில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவளும் புருஷனும் போன பிறகு, மாமனார் அன்றைக்கு வேண்டிய பாட்டில்களோடு பேரனைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவார். மருமகள் திரும்புவதற்குச் சற்று முன்னால் வந்துவிடுவார்.

பேரனை அவர் கூப்பிடுவது 'சார்' என்று.

"ரூம் காலி பண்ணலாமா சார்? ஃபேன் ஆஃப். லைட் ஆஃப். பைப்பு… சொட்டுது, இருங்க. ம், ஆச்சு."

ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். 'அது வந்ததுலேர்ந்துதான்ப்பா பில்லு எகிறுது' என்று மகன் சொன்னது காதிலேயே இருந்தது.

"சாத்தின பெட்டி. உள்ள இருக்கற குளிர் எங்க ஓடிடப் போகுது? என்ன சார் சொல்றீங்க?"

சார் கொட்டாவி விட்டார். மாமனார் பிளக்கைப் பிடுங்கினார்.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலை, பிளக்கைச் செருகுவது. அடியில் கசிந்திருக்கும் தண்ணீரைத் துடைத்துவிடுவார். மற்றவர்கள் வரும்போது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். உருகிய பால் மறுபடி உறையத் தொடங்கியிருக்கும்.

3

ஒரு ஃபிரிட்ஜ் உண்மையில் எவ்வளவுதான் கரண்ட் குடிக்கிறது? என்னுடையதைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"இந்த சைஸுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீக் காசு ஆகும்ங்க."

"பகல்ல நிறுத்தி வச்சா?"

"சாயங்காலம் போட்டதும், விட்டதையும் சேத்து ஓடும். கால் டீ மிஞ்சினா பெரிசு. ஏன், நிறுத்தப் போறீங்களா?"

"கதையில ஒருத்தர் நிறுத்துறாரு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

கால் டீ. அதை எழுதி அடிக்கோடிட்டேன்.

4

முந்தைய பிரதியில் மாமனாரைக் கஞ்சனாக்கி இருந்தேன். வாசகருக்குக் கோபப்பட வசதியாக இருக்கும். ஆனால் வரிசையில் பார்த்த அந்த முதுகு, வெயில் படாமல் இருக்கத் தன் கைக்குட்டையைக் குழந்தையின் தலையில் விரித்திருந்தது. அது நழுவ நழுவ எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. கஞ்சனை அடித்துவிட்டேன்.

இப்போது அந்த வீட்டுக் கூடம். மகன் கையில் புது பில்.

"கொஞ்சம் கொறஞ்சிருக்கே! மீட்டர் திருந்திடுச்சாப்பா?"

மாமனார் செய்தித்தாளை உயர்த்தினார். அதன் பின்னால் முகம் மலர்ந்திருந்தது. (அந்த வீட்டில் தன்னால் முடிந்தது அது ஒன்றுதான் என்று அவர் நினைக்கிறார். இதை நான் விளக்கியிருக்கக் கூடாது. இருக்கட்டும்.)

மருமகள் துணி அலசிக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கும் வயித்தால போச்சா மாமா?"

"ஆமாம்மா. பாவம், சாருக்கு உடம்பே தளர்ந்துபோச்சு."

"லீவு நாள்ல நேராக் குடிக்கிறப்ப நல்லாத்தான இருக்கான்." கை நின்றது. "நான் போற நாள்லதான் இப்படி ஆவுது. வேலைய விட்டுடறேங்க."

"அவசரப்படாத," என்றான் புருஷன்.

"நீங்களா கழுவறீங்க, அவசரப்படாம இருக்க?"

மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "நீ வேலைக்குப் போம்மா. சாரை நான் பாத்துக்கறேன்."

மனதாரத்தான் சொன்னார்.

5

வேலையை விடுவதாகக் கடையில் சொல்லிவிட்டு— இல்லை. சொல்லப் போனாள், சூப்பர்வைசர், "நாளைக்கு யோசிச்சு சொல்லு, இப்ப வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். நடுப்பகலில் கதவைத் திறந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. எதுவோ குறைந்தது. எது என்று பிடிபடாமல் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

பிளக் வெளியே கிடந்தது. வயர் லாட்ஜ் பழக்கத்தில் அழகாகச் சுருட்டப்பட்டிருந்தது. ஃப்ரீசரைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். பால் தளும்பியது. அடுத்ததும் தளும்பியது.

எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினாள். ஓடும் பஸ்ஸைப் பிடித்துப் போய், கடையின் கழிவறையை ஒட்டிய மூலையில் நின்று எடுத்த பாலும் அதில் இருந்தது.

பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நானும் அவளை எழுப்பவில்லை.

6

முடிவுகள்.

அவள் கத்துகிறாள். எழுதிப் பார்த்தேன். எல்லாச் சொற்களும் நியாயமானவை. கேட்டுக்கொண்டிருந்த மாமனார் பக்கத்தின் நடுவிலேயே சின்னதாகிக்கொண்டே போனார். மறுநாள் முதல் குழந்தையைத் தூக்கவில்லை. கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவள் எதுவும் சொல்லாமல், 'நிறுத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டுகிறாள். அறிவிப்புப் பலகைக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர், மறுகேள்வி கேட்கமாட்டார். ஆனால் அவள் ஒவ்வொரு முறை அவர் கையில் பிள்ளையைக் கொடுக்கும்போதும் அவள் கை ஒரு கணம் தயங்கும். அவர் அதைக் கவனித்துவிடுவார்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அவரும் உடையாமல், அவளும் மனதுக்குள் மென்று விழுங்காமல், ஒரே ஒரு வாக்கியம்—

எனக்கு அது கிடைக்கவில்லை. என் ஃபிரிட்ஜ் இரண்டு முறை ஓய்ந்து இரண்டு முறை ஓடிவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பேசக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள். யோசித்துப் பாருங்கள். நேரம் அதிகம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. "ரூம் வந்தாச்சு சார்," என்று ரகசியம் போலச் சொல்லிக்கொண்டே அவர் நேராகச் சமையலறைக்குத்தான் வருவார். பிளக் அவள் கையில் இருக்கிறது.

எதைச் சொல்வதானாலும் மெதுவாகச் சொல்லுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கிறது.