ஸ்டியரிங் பக்கக் கதவு

காலை ஆறு மணிக்கு வாளியும் ஈரத்துணியுமாக இறங்கிப் போய்ப் பழக்கப்படி முதலில் முன் கண்ணாடியைத் துடைத்தேன். அப்புறம் பானெட், அப்புறம் கூரைமேல் இருக்கும் எல் போர்டு. ஸ்டியரிங் பக்கக் கதவுக்கு வந்தபோதுதான் துணி எதிலோ மாட்டி நூல் பிரிந்தது. வெள்ளைக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் உயர எழுத்துகளில் ஒரு வார்த்தை. சாவியை வைத்து அழுத்தி, பெயின்ட் போய்த் தகரம் தெரியும்வரை கீறியிருந்தது. ஒரு பெண்ணைக் கேவலப்படுத்த நினைக்கிறவன் யோசிக்காமல் எடுத்து வீசும் வார்த்தை. அதை இங்கே சொல்ல எனக்கொன்றும் கூச்சமில்லை. பத்து நாள் அதைத் தெருத்தெருவாக ஓட்டிக் காட்டியவள் நான். ஆனால் அதை எழுத வேண்டியவன் வேறொருவன். அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன். பதினோரு வருடமாக. ஒரே கார்தான், ஆளும் நான் ஒருத்திதான். என் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாமியாடுகிறவர்கள், எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், இடது வலது தெரிய மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. என் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் எனக்கு 'ஹாரன் அக்கா' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றாலும் எனக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

யார் செய்தது என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. பத்து மணி வகுப்புக்கு வந்த நர்ஸ், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் கார்க் கதவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிறான் ஒரு பையன். கூட்டாளிகளில் ஒருவன் எடுத்து ஊருக்கே அனுப்பியிருந்தான். இரண்டு கட்டடம் தள்ளியிருக்கும் பல் டாக்டரின் மகன். பதினாறு வயது.

அவனை எனக்குத் தெரியும். போன வாரம்தான் மூன்று நண்பர்களோடு வந்து, தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னான். பதினெட்டு ஆகட்டும் என்றேன். "பொம்பளைங்களே ஓட்டறாங்க, எனக்கென்ன?" என்றான். "முதல்ல கால் பெடலுக்கு எட்டட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்" என்றேன். ஆள் கொஞ்சம் குள்ளம். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். என் வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவன் திருப்பி என்னைக் குண்டு என்றோ கிழவி என்றோ சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அன்று சாயங்காலமே பல் டாக்டர் வந்தார். பின்னால் பையன், செருப்பைப் பார்த்தபடி. டாக்டர் கெட்டவர் இல்லை. என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் எடுத்தவர். என்ன செலவானாலும் தான் பார்த்துக்கொள்வதாகவும், மூன்றே நாளில் புதுக் கதவு போல ஆகிவிடும் என்றும் சொல்லி, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். 'வாகனத்தின் கதவில் ஏற்பட்ட கீறலுக்காக வருந்துகிறோம்.' இரண்டு தடவை படித்தேன்.

"ஏற்பட்ட கீறலா? தானா ஏற்பட்டுச்சா சார்? மழை கிழை பெஞ்சதா?"

"மேடம், சின்னப் பையன். தெரியாம செஞ்சுட்டான்."

"எனக்குப் பெயின்ட் வேண்டாம் சார். இவன் கைப்பட எழுதித் தரட்டும். என்ன வார்த்தை எழுதினான், யாரை நினைச்சு எழுதினான், அது பொய்னு. கீழ கையெழுத்து."

டாக்டர் மென்று விழுங்கினார். "எழுத்துல குடுத்தா நாளைக்கு அவன் படிப்பு, வேலை எல்லாத்துக்கும் பிரச்சனை வரும் மேடம்."

"கதவுல எழுத்துலதானே சார் குடுத்தான்?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மகனைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று இரண்டாம் தடவையாகக் காரைக் கழுவினேன். கோபத்தில் என்று சொல்லிக்கொண்டேன். பாதி அழுகை.

டாக்டருக்கும் மகனுக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். டாக்டரின் மனைவி என் மாணவி. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு மருந்துக்கடை முனையில் ஓடுகிற ஷூவும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பார். வீட்டில் நடைப்பயிற்சி என்று பெயர். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக "நீ எதுக்கு ஓட்டணும், நான் கொண்டுபோய் விட மாட்டேனா?" என்ற ஒரே பதிலைக் கேட்டு அலுத்துப்போய், கேட்காமலே வந்தவர். இரண்டு மாதத்தில் கியர் மாற்றும்போது கீழே குனிந்து பார்ப்பதை விட்டிருந்தார். அடுத்த மாதம் லைசென்ஸ் டெஸ்ட்.

பையன் அங்கேதான் கோட்டை விட்டான். ஸ்டியரிங் பக்கக் கதவுதான் கார்க்காரியின் கதவு என்று நினைத்து எழுதியிருக்கிறான். வேறு எந்தக் காராக இருந்தாலும் அவன் கணக்கு சரி. கற்றுக்கொடுக்கிற காரில் நான் அந்தப் பக்கம் உட்காருவதே இல்லை. அந்தக் கதவைத் திறந்து ஏறுகிறவர்கள் என் மாணவிகள். நர்ஸ், பேங்க் கிளார்க், தையல்காரப் பெண். அப்புறம் அவனைப் பெற்றவள்.

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். சண்டை என்றால் நாலு அடி தள்ளி நிற்கிற மனிதர். அவரே அன்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "உன் பொண்டாட்டி உட்கார்ற இடத்துலதான் உன் பையன் எழுதியிருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தாளு முகத்துல ஈயாடாது."

"அது அந்தம்மா வாயால வர வேண்டியதுங்க. நான் காட்டிக் குடுத்தா எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப பெயின்டாவது அடி. அக்கம்பக்கத்துல எல்லாரும் என்னைத்தான் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உங்களையா எழுதியிருக்கான்?"

பட்டறைக்காரர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, காலையில் விட்டால் மறுநாள் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சரி என்று சாவியைக் கொடுத்தவள் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். பூசி மெழுகிவிட்டால் அப்புறம் அது வெறும் கீறல்தான். போனில் வந்த படம் நாளைக்கே அழிந்துபோகும்; அழியாமல் என்னிடம் இருக்கிற சாட்சி அந்தக் கதவு ஒன்றுதான். மறுநாள் முதல் அப்படியே ஓட்டினேன்.

சிக்னலில் நின்றால் பக்கத்தில் பைக்கில் நிற்கிறவன் படிப்பான். படித்துவிட்டு ஸ்டியரிங்கில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பான். நான் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், படிச்சாச்சா? கிளம்பலாமா?" என்பேன். ஐந்து பேர் வகுப்பை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வார்த்தைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்ற எல்லோருக்கும் தெம்பு வராது. பேங்க் கிளார்க் ஒரு பெரிய பூப் படம் வாங்கி வந்து அதன்மேல் ஒட்டப் பார்த்தாள், தடுத்துவிட்டேன். நர்ஸ் மட்டும், "முதல் நாள் கூசுச்சுக்கா. இப்ப கதவை ஓங்கிச் சாத்தறேன், சத்தம் நல்லா இருக்கு" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். புகாரை எழுதிக்கொண்ட ஏட்டும் 'கீறல்' என்றே எழுதினார். வார்த்தையை எழுதுங்கள் என்றேன். "அதெல்லாம் ரெக்கார்டுல வேண்டாம்மா, லேடி போலீசும் படிப்பாங்க" என்றார். லேடி போலீஸ் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, அதைவிட மோசமான வார்த்தையால் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது மருந்துக்கடை முனைதான். திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போய்க் கால் மணி நேரம் நின்றேன். அவர் வரவில்லை. புதனும் இல்லை, வெள்ளியும் இல்லை, அடுத்த திங்களும் இல்லை. போனும் எடுக்கவில்லை. மகன் என்றதும் அம்மா அந்தப் பக்கம் போய்விட்டாள் என்று நினைத்தேன். நான் மட்டும் எதற்கு வாயைக் கட்டிக்கொண்டு அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, எஸ்.ஐ. இரண்டு தரப்பையும் பதினொரு மணிக்கு வரச் சொன்னார். சமாதானமாகப் போகச் சொல்லத்தான் என்று தெரியும். காரை ஸ்டேஷன் வாசலில், படிக்கு நேராக, வார்த்தை உள்ளே பார்க்கும்படி நிறுத்தினேன். டாக்டர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்.ஐ. தூங்கி நாளான மனிதர் போல இருந்தார். "சொல்லுப்பா" என்றார்.

"சாரி" என்றான் பையன், தரையிடம்.

"எதுக்கு சாரி?" என்றேன்.

"கார்ல... கீறினதுக்கு."

"என்ன கீறினே?"

"மேடம், போதும்" என்றார் டாக்டர். "குழந்தையை எத்தனை தடவை அவமானப்படுத்துவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், பத்து நாளா அந்தக் கதவோட ஓட்டறேன். என்னை எத்தனை பேர் படிச்சிருப்பாங்கன்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டுத் தொப்பியை எடுத்தார். வண்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எல்லோரும் வெளியே வந்தோம். அவர் படித்தார். சட்டென்று பார்வையை டயருக்கு மாற்றினார். டாக்டர் விரலால் எழுத்தின் ஓரத்தைத் தடவி, "பட்டி வெச்சுத் தேய்ச்சா தெரியவே தெரியாது" என்றார், பல் அடைக்கிற அதே குரலில். எஸ்.ஐ. என்னைப் பார்த்து, சமாதானம் என்று கையெழுத்துப் போட்டுவிடலாமே என்பதுபோல் தலையை ஆட்டினார். மாட்டேன் என்றேன்.

"அக்கா, சாவி குடுங்க."

டாக்டரின் மனைவி. நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

"உனக்கெதுக்கு சாவி?" என்றார் டாக்டர்.

அந்தம்மா நேரே காரிடம் போனார். கைப்பிடியைப் பிடித்தபோது அவர் முழங்கை அந்த வார்த்தையின்மேல் பட்டது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைத் திருத்தினார், பெல்ட்டை மாட்டினார், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தி ஸ்டார்ட் செய்தார். நான் கற்றுக்கொடுத்த வரிசை, ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டரின் வாய் அவர் நோயாளிகளுடையதைப் போலத் திறந்திருந்தது.

ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "ரெண்டு மாசமா நான் உக்கார்ற சீட் இது. அக்கா உக்கார்றது அந்தப் பக்கம்" என்றார் மகனிடம். "இந்தக் கதவைத் திறக்கறது நான்டா."

பையன் முகம் வெளுத்தது. "அம்மா... எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா அது உனக்கு இல்லம்மா."

"யாருக்குன்னா சரி?"

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"பத்து நாளா அந்த முனைவரைக்கும் வந்து வந்து திரும்பினேன்கா" என்றார் என்னிடம். "தூரத்துல இருந்து காரைப் பார்ப்பேன். கால் வராது. என்னைப் பெத்தவங்ககூட என்னை அப்படிச் சொன்னதில்ல." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி மகனைப் பார்த்தார். "எழுதுடா. அக்கா என்ன கேட்டாங்களோ அது. கீறல் கீறல்னு எழுதாத. கதவுல என்ன எழுதினியோ அதை எழுது."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், இறங்கு" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

"நீங்க போங்க. நான் ஓட்டிட்டு வர்றேன்."

எஸ்.ஐ. டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பையனிடம் நீட்டினார். ஏட்டு உள்ளே ஓடிப்போய் ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்தார். வைத்து எழுத இடமில்லாமல் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாளை பானெட்டின்மேல் வைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் கிடுகிடுவென்று ஆடியது, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஆஃப் பண்ணும்மா. ஆடுது. எழுத வரல."

"வரும். எழுது."

தேதி போட்டான். 'நான்' என்று எழுதித் தன் பெயரை எழுதினான். பானெட் சூடேறியிருக்க வேண்டும், கையை ஒருமுறை எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தான். ஒரு வரி, இரண்டு வரி. எழுத்துகள் குடித்தவன்போல் தள்ளாடின. ஓரிடத்தில் பேனா நின்றது. அடுத்து என்ன வர வேண்டும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். டாக்டர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஸ்டேஷன் ஜன்னலில் லேடி போலீஸ் வந்து நின்றார்.

பையன் முதல் எழுத்தை எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்து முன் கண்ணாடிக்குள் பார்த்தான். உள்ளே அவன் அம்மா இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து, கண் இமைக்காமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.