குரல் அழைப்புகள் பாதிக்கப்படாது

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தச் செய்தி வந்தது. உங்கள் பகுதியில் நெட்வொர்க் மேம்படுத்தப்படுகிறது, சில நாட்களுக்கு இணைய வேகம் குறையலாம், குரல் அழைப்புகள் பாதிக்கப்படாது, சிரமத்துக்கு வருந்துகிறோம். கடைசிக்கு முந்தைய வரியை நான் இரண்டு முறை படித்தேன். என் மகள் தமிழ்மதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நானும் அவளும் போனில் பேசுவது என்றால் கையால் பேசுவதுதான்.

அவள் மடத்துக்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். டீ நேரத்தில் அடுக்கிய பீஸ்களின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் பேசிக்கொள்வோம். மூன்று வயதுப் பேரன் என்ன உடைத்தான், வயிற்றில் இருக்கும் இரண்டாவது எப்படி உதைக்கிறது என்றெல்லாம் சொல்வாள். அவள் கணவன் முனீஸுக்கும் காது கேட்காது. அவிநாசி ரோட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது அவர்களே பார்த்து, அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். முனீஸின் அம்மா சீனியம்மாளுக்குக் காது கேட்கும். நான்கு வருடத்தில் கையால் மூன்று வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறாள்: வா, சாப்பிடு, தூங்கு.

திங்கள்கிழமையிலிருந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மதியின் கை உயரும், எங்கே போய் நின்றது என்று தெரியாது. மூன்றாவது நாள் கஸ்டமர் கேருக்குப் போட்டேன்.

"குரல் அழைப்பில் ஏதும் பிரச்சினை இருக்கா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லீங்க. குரல் நல்லாத்தான் கேக்குதுங்க. எம் பொண்ணுக்குத்தான் காது கேக்காதுங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டோம் மேடம். எங்க சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுங்க" என்றாள். பக்கத்து டேபிள் சித்ரகலா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அஞ்சு குடுங்க அன்பக்கா. அந்தச் சந்தோசத்துல டவர் மேல ஏறி வேலையாச்சும் பாப்பான்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கம் சரியாகிவிட்டது. எல்லோர் போனிலும் படம் ஓடியது. வேலை உடுமலைப் பக்கம் நகர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. உடுமலையில் மதி காட்டிக்கொண்டிருந்த தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். அபிராமி என்று பேர் சொன்னாள்.

"ஏனுங்கம்மா, தமிழ்மதியோட அம்மாங்களா? பயப்படாதீங்க. பிரஷர் கொஞ்சம் ஏறிருச்சுங்க. இன்னும் பன்னெண்டு நாளு பொறுக்க முடியாது, இப்பவே ஆபரேஷன் பண்ணிறலாம்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. முதல் குழந்தையும் ஆபரேஷன்தானுங்களே?"

"ஆமாங்க."

"அதான், இதோடவே குடும்பக்கட்டுப்பாடும் பண்ணிறலாமான்னு கேக்கறாருங்க. அவங்களுக்கு எழுதிக் காட்டுனா படிக்கத் தெரியல. வீட்டுக்காரரு ரத்தம் வாங்கச் சீட்டோட போயிருக்காரு. நீங்கதான் கேட்டுச் சொல்லோணும். அரை மணி நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போயிருவோமுங்க."

மதி ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனாள். பாஸ் போட்டார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் பேரை எழுதுவாள். எங்கே கைகாட்டினாலும் அங்கே அந்தப் பேரை எழுதுவாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் செல்வக்குமார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ள வாங்க, ஆபீஸ் நெட்டுல போடுங்க" என்று கூட்டிப்போனார். நான்கு முறை மதியின் போனுக்கு வீடியோ போட்டேன். ஐந்தாவதில் பச்சைத் திரை, யாருடைய விரலோ, அப்புறம் படுத்திருக்கும் மதியின் முகம். என்னைப் பார்த்துவிட்டாள். சுருங்கியிருந்த நெற்றி இளகியதை வைத்துச் சொல்கிறேன்.

எங்களிடம் அந்த ஆபரேஷனுக்குக் கை வார்த்தை இல்லை. வயிற்றைத் தொட்டேன், இரண்டு விரலால் முடிச்சுப் போட்டேன், இனிக் குழந்தை இல்லை என்று கையை விரித்தேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். அவளுடைய வலது கை படுக்கையிலிருந்து எழுந்தது. குளுக்கோஸ் குழாயும் கூடவே அசைந்தது. அப்படியே நின்றது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. தள்ளுவண்டியின் சக்கரம், சீனியம்மாள் யாரிடமோ பேசுவது, நடுவே மதியின் குரல். தொண்டையிலிருந்து வரும் ஒரு சின்னச் சத்தம். ஒன்றை அழுத்திச் சொல்லும்போது அப்படி வரும். கோபத்திலும் வரும், சந்தோஷத்திலும் வரும். கையைப் பார்த்தால் எது என்று தெரியும். கை நின்றுபோயிருந்தது. பிறகு இணைப்பும் அறுந்தது.

உடனே நர்ஸின் அழைப்பு, பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக. "என்னுங்கம்மா சொன்னாங்க?"

"நின்னு போச்சுங்க. உங்க போன்ல ஒருக்கா வீடியோ போட்டுப் பாருங்களேன்."

"என்னுதும் அதே நெட்டுதானுங்க, காலைல இருந்து எடுக்கல. மாமியாரு செய்யச் சொல்றாங்க. உங்க பொண்ணுகிட்டயும் சைகைல காட்டுனேன், தலையாட்டுனாங்க. கையெழுத்தும் போட்டுட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலீங்க, அதான் உங்களைக் கூப்புட்டேன்."

"அவ எல்லாத்துக்கும் தலையாட்டுவாளுங்க."

காது கேட்கிறவர்கள் வாயை அசைத்துக்கொண்டே நின்றால், அவர்கள் போகட்டும் என்பதற்காகத் தலையாட்டுவாள். சின்னதிலிருந்து அப்படித்தான். பதினான்கு வயதில் தையல் கடையில் சட்டைக்குக் கை எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். முழங்கை வரைக்கும் என்று நான் சொன்னேன். அவள் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டுத் தன் கையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து அவளுக்காக நான் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பாதி நாள் அப்படி இருந்தேன். போன மாதம் ஒரு நாள், இந்தக் குழந்தைக்குப் பிறகு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஷிப்மென்ட் நேரம். அப்புறம் என்று கையை வீசிவிட்டு அடுத்த பீஸை எடுத்தேன். அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"அப்ப வேண்டாங்கறீங்களா?" என்றாள் நர்ஸ்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அவளே வேண்டும் என்றுதான் கையைத் தூக்கினாளோ? மறுபடி பிரஷர், மறுபடி வயிற்றில் கத்தி என்று வந்தால், அன்றைக்கு வேண்டாம் என்றவள் நான் அல்லவா? சீனியம்மாள் போனை வாங்கினாள். "என்ன மதினி, பிள்ளைய இன்னும் எத்தன தடவ வயித்தக் கிழிக்கப் போறாக? ஒரே ஊசியோட முடிச்சிருவோம். ஒரு வார்த்த சொல்லுங்க." அவள் கெட்டவள் இல்லை. மதிக்குப் பேறுகாலம் பார்க்கிறவள் அவள்தான், நானில்லை.

போன் திரும்ப நர்ஸிடம் போனது. "சொல்லுங்கம்மா, டாக்டர் நிக்கறாரு."

"நீங்க பாத்துச் செய்யுங்க சாமி" என்றேன்.

டாக்டரிடமும் தாலுகா ஆபீசிலும் மேனேஜரிடமும் சொல்லிச் சொல்லி வாயில் படிந்த வாக்கியம். எங்கள் பக்கத்தில் அதற்குச் சரி என்று அர்த்தமில்லை. என்னைக் கேட்காதீர்கள், எனக்கு எட்டவில்லை என்று அர்த்தம். ஆனால் "சரிங்கம்மா" என்று நர்ஸ் மூச்சு விட்டதை நான் கேட்டேன். என் உடம்பிலும் ஒரு பாரம் இறங்கியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"என்னக்கா சொன்னீங்க?" என்று சித்ரகலா கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

உடுமலை பஸ் பல்லடம் தாண்டியபோது சீனியம்மாள் கூப்பிட்டாள். "பொம்பளப் பிள்ள மதினி. ரெண்டு பேரும் நல்லாருக்காக."

"அது?"

"அதெல்லாம் முடிஞ்சிருச்சு. நீங்க நிதானமா வாங்க."

நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முனீஸ் வெளியே நின்றான். குழந்தை தன் ஜாடை என்று சிரித்துக்கொண்டே கையில் சொன்னான். அந்த முடிச்சைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மதி விழித்திருந்தாள். இடுப்புக்குக் கீழே இன்னும் மரத்திருந்தது. தியேட்டரில் எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள், பிள்ளையைக் காட்டிய பிறகும் வெகுநேரம் ஏதோ செய்தார்கள், என்ன என்று கேட்டாள். சீனியம்மாள் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வயிற்றருகே கையைக் கொண்டுபோய் முடிச்சைக் காட்டினேன். முடிந்துவிட்டது என்றேன்.

வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டாள். முனீஸைக் காட்டிக் கேட்டாள். அவன் இல்லை என்று தலையசைத்தான். சீனியம்மாளைக் காட்டினாள்.

நான்தான் என்று என் நெஞ்சைத் தொட்டேன். படம் நின்றுவிட்டது, உன் கை நடுவில் நின்றுவிட்டது, நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பாதியில் அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

தூக்கம் இல்லை. இமைகள் அசைந்தன. தோளைத் தொட்டேன், திறக்கவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தத் தெரியாமல் என் கைகள் இன்னும் கொஞ்சம் அசைந்தன.

"அசதி, தூங்கட்டும்" என்றாள் சீனியம்மாள்.