நேற்றைய காற்று

அண்ணன் பெருமையாகத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் தங்கை சிடுமூஞ்சி வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"இப்போ எங்க சைட்ல உன் காத்துதான் ஓடுது, தெரியுமா?"

"என் காத்தா?"

"உன் மெஷின் சொல்ற காத்து. கிரேன்ல காத்து அளக்கிற மீட்டர் செத்துப்போச்சுல்ல, சூப்பர்வைசர் போன்ல மேப்பைத் திறந்து உன் ஸ்டேஷனைப் பாக்குறாரு. காத்து கம்மின்னா ஏறச் சொல்றாரு. நான் ஏறிடறேன்."

அண்ணன் டவர் கிரேன் ஓட்டுகிறவன். ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பையும் பலகையையும் தூக்கி வைக்கிறவன். அவள் செல்போன் ரிப்பேர் கடையில் சால்டரிங் பிடிக்கிறவள். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்பதால் சின்ன வயதிலேயே அண்ணன் சூட்டிய பட்டம் சிடுமூஞ்சி. அந்தப் பட்டத்துக்கு அன்றைக்கு அவள் குறை வைக்கவில்லை. தட்டைத் தள்ளிய வேகத்தில் டம்ளர் உருண்டது.

"மூளை இருக்கா உனக்கு? என் மெஷின் நம்ம மொட்டைமாடியில இருக்கு. நீ உக்கார்ற இடம் அதுக்கு எத்தனை மாடி மேல? இங்க அடிக்கிற காத்தும் அங்க அடிக்கிற காத்தும் ஒண்ணா?"

"கத்தாதே. என் தங்கச்சி கண்டுபிடிச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"கண்டுபிடிக்கல, மாட்டினேன்! ஆசைக்கு மாட்டினேன்!"

அண்ணி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அவ சொல்றது நியாயம்தானே? மீட்டரைச் சரிபண்ணச் சொல்லுங்களேன்."

"சொன்னா வேற ஆளைப் பாத்துக்கறேம்பாரு," என்றான் அண்ணன், தண்ணீரைத் துடைத்தபடி.

ஆசைக்கு மாட்டியதுதான். ஆனால் அந்த ஆசைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மொட்டைமாடிக் கம்பத்தில் சுற்றும் கிண்ணங்களோடு வானிலைக் கருவி. கீழே சின்ன அறையில் அமெச்சூர் ரேடியோ. அதன் தலையில் பாக்கெட் பெட்டி, அதாவது எழுத்தைச் சத்தமாக்கி ரேடியோ வழியே வெளியே விடும் பெட்டி. கருவியையும் பெட்டியையும் ஒரு கேபிளால் இணைத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள். இரண்டும் ஒரே கம்பியில் பேசின, இன்னொரு கம்பியில் காதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தன. அண்ணனும் அண்ணியும் சண்டை போடுகிற மாதிரி, பேச ரெண்டு பேர், கேட்க ஆளில்லை. கம்பியை மாற்றி ஒட்டினாள். அடுத்து வேகம் ஒத்துவராமல் திரை முழுக்கக் குப்பை கொட்டியது. அதையும் ஒழுங்குபடுத்திய பிறகு ஒருநாள், ரேடியோவில் அவள் பெயரான அழைப்புக்குறி முன்னால் நிற்க, வெப்பமும் ஈரமும் காற்றும் வரிசையாக வானத்தில் ஏறின. வெளியூரில் யாரோ ஒரு ரேடியோக்காரர் அதைப் பிடித்து இணையத்து மேப்பில் சேர்த்தார். அவள் வீடு ஒரு புள்ளியாக அங்கே மின்னியது. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார்.

அந்தப் புள்ளியை வைத்துத்தான் இப்போது அண்ணனை மேலே ஏற்றுகிறார்கள்.

மறுநாள் கடைக்குப் போகும் வழியிலேயே சைட் ஆபீசுக்குள் நுழைந்தாள். தகரக் கொட்டகை, ஓரத்தில் ஹெல்மெட் குவியல், மேஜைமேல் வாக்கிடாக்கி. சூப்பர்வைசர் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானார்.

"வாம்மா! நீதான் அந்த வானிலைப் பொண்ணா? ரொம்ப உபயோகமா இருக்கு."

"சார், அதைப் பாத்து கிரேன் ஓட்டாதீங்க. அது வீட்டு மாடியில இருக்கிற பொம்மை. கிரேன் மீட்டரைச் சரிபண்ணுங்க."

"பொம்மைங்கறே, கரெக்டா சொல்லுதே?"

"கீழ இருக்கிற காத்தைக் கரெக்டா சொல்லுது. எங்கண்ணன் கீழயா இருக்கான்?"

"உங்கண்ணனே ஒண்ணும் சொல்லல. உனக்கு என்னம்மா?" அவர் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு, நீ அனுப்புறதுதானே? வேண்டாம்னா அனுப்பாதே."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கொளுத்தியது. சரி, அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி அறைக்கு ஏறினாள். பாக்கெட் பெட்டியின் ஸ்விட்சையே அணைத்திருப்பாள். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ரேடியோக்காரர்களின் செய்திகளையும் அந்தப் பெட்டிதான் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்துகிறது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அதனால் வானிலைக் கேபிளை மட்டும் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அதன் முனை சுவரில் போய் அடித்தது.

"இப்போ பாருடா மேப்பை," என்று சூப்பர்வைசரைச் சுவரிடம் திட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். ராத்திரி அண்ணனோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

அடுத்த நாள் மதியம் காற்று கிளம்பியது. கடை போர்டு படபடவென்று அடித்துக்கொண்டது. தெருவில் பிளாஸ்டிக் பைகள் பறந்தன. எதிர்க்கடைக்காரர் துணிகளை வாரி உள்ளே எறிந்தார். சிடுமூஞ்சிக்கு உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம். மேப்பில் புள்ளி இல்லை, மீட்டரும் இல்லை, இனி வேலையை நிறுத்தியே ஆகவேண்டும். நல்லா நிறுத்தட்டும். வாசலில் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. நுனியில் கான்கிரீட் வார்க்கும் ஒரு பெரிய ஷட்டரிங் பலகை, காற்றில் பாய்மரம் போல முறுக்கிக்கொண்டு ஆடியது.

கை தானாகப் போனை எடுத்தது. மேப். அவள் புள்ளி அங்கேயே இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன் வந்த செய்தி. காற்று: மணிக்கு ஏழு கிலோமீட்டர்.

ஏழா? கேபிளே இல்லாமல் ஏழு எங்கிருந்து வந்தது?

வந்த இடம் மண்டையில் உறைத்தது. பெட்டி கடைசியாகக் கேட்ட வரியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. புது வரி வராதபோது பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேபிளைப் பிடுங்கியபோது அடித்தது இலை மட்டும் லேசாக அசைகிற காற்று. அந்தக் காற்றைத்தான் நேற்றிலிருந்து அவள் பெயரில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் போனை எடுக்கவில்லை. கூண்டுக்குள் அவன் எடுக்கமாட்டான். ஸ்கூட்டரை உதைத்து, சிக்னல், ஹாரன், வசவு எதையும் காதில் வாங்காமல் சைட்டுக்குள் பாய்ந்தாள்.

"சார், நிறுத்துங்க! இறக்கச் சொல்லுங்க!"

"என்னம்மா நீ, திரும்பவுமா? உன் மெஷினே ஏழுன்னுதான் சொல்லுது."

"அது பொய்! கேபிளை நான் பிடுங்கிட்டேன். அது நேத்து அடிச்ச காத்து!"

"ரெண்டு நிமிஷம் முன்னாடின்னு போட்டிருக்கே?"

"அனுப்பின நேரம் இன்னிக்கு. காத்து நேத்து. வெளிய வந்து உங்க மூஞ்சியில அடிக்குதான்னு பாருங்கய்யா!"

"இது ஒரு லோடு, இறக்கிட்டா முடிஞ்சுது..."

அவர் முடிப்பதற்குள் மேஜைமேல் இருந்த வாக்கிடாக்கி அவள் கையில் இருந்தது. அழுத்திக் கத்தினாள். "அண்ணா! பலகையை இறக்கு!"

கரகரவென்று சத்தம். பிறகு அண்ணன் குரல். "யாரு? சிடுமூஞ்சியா? நீ எப்படி அங்க?"

"இறக்கு மொதல்ல!"

"காத்து எத்தனை?"

"தெரியாது! எனக்கும் தெரியாது, இந்த ஆளுக்கும் தெரியாது! உனக்கு ஆடுதா இல்லையா, அதைச் சொல்லு!"

வாக்கிடாக்கியில் காற்று இரைந்தது.

"ஆடுது. ரொம்ப நேரமா ஆடுது."

"அப்புறம் ஏன் வாயை மூடிட்டு இருக்கே?"

"உன் மெஷின் ஏழுன்னுச்சே. சரி, நமக்குத்தான் தலை சுத்துது போலன்னு நெனச்சேன்."

சூப்பர்வைசர் வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். ஆனால் அவரும் இப்போது வாசலுக்கு வந்துவிட்டார், ஹெல்மெட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி. மேலே பலகை ஒரு பக்கம் முழுதாகத் திரும்பி, கிரேன் கம்பத்தை உரசுகிற மாதிரி வந்து விலகியது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். அண்ணன் அவசரப்படவில்லை. காற்று ஓய்கிற இடைவெளி பார்த்து, கொஞ்சம் இறக்கி, நிறுத்தி, மறுபடி இறக்கினான். பலகை மண்ணில் தொம்மென்று சாய்ந்து விழுந்தது. ஓர் ஓரம் பிளந்ததோடு சரி.

அவன் ஏணியில் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போன பலகைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர், சுருதி இறங்கிப்போய்.

"மீட்டர் மாட்டுற வரைக்கும் நான் ஏறமாட்டேன்," என்றான் அண்ணன், தரையைப் பார்த்து.

"வேற ஆள் ஏறுவான்."

"கூப்பிடுங்க," என்றாள் சிடுமூஞ்சி. "இங்கதானே எல்லாரும் நிக்கிறாங்க. எவன் ஏறுறான்னு பாப்போம்."

சுற்றி நின்றவர்கள் பிளந்த பலகையைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் கையைத் தூக்கவில்லை. சூப்பர்வைசர் போனோடு கொட்டகைக்குள் போனார். மீட்டர் கடைக்காரரின் நம்பரை யாரிடமோ கேட்டுக் கத்துவது வெளியே கேட்டது.

அண்ணனும் தங்கையும் ஸ்கூட்டர்வரை நடந்தார்கள். அங்கே போனதும் அவளுக்கு மறுபடி பொங்கியது.

"உன் உடம்பு ஆடுதுன்னு உனக்குத் தெரியாதா? அதைவிட்டுட்டு ஒரு பெட்டியை நம்புவியா?"

"பெட்டியை எவன் நம்பினான்? நீ செஞ்சதுன்னு நம்பினேன்."

அடிக்க ஓங்கிய கையால் அவள் ஸ்கூட்டர் சீட்டை அறைந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

"நான் கேபிளைப் பிடுங்கினேன். செத்ததைச் செத்ததுன்னு சொல்லத் தெரியாத பெட்டின்னு பாக்காமப் பிடுங்கினேன். என்னைத் திட்டு. ஏன் திட்டமாட்டேங்கறே?"

"மொதல்ல உக்காரணும். வீட்டுக்குப் போய்த் திட்டறேன்," என்று அவன் பின்சீட்டில் ஏறினான்.

"இறங்கு. நீ நடந்து வா. உன்னை உக்கார வச்சா இந்த வண்டி மெதுவாத்தான் போகும், வீட்டுல அந்தப் பெட்டி இன்னும் ஏழு ஏழுன்னு ஊரைக் கூட்டிட்டு இருக்கு, போய் நிறுத்தணும்."

அண்ணன் வாய் திறக்குமுன் வண்டி கிளம்பிவிட்டது.