இருபத்திரண்டாம் பக்கம்

இருபத்திரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் ஈர்க்குச்சியால் கஞ்சிப் பசையைத் தடவி, எதிரே இருந்த இருபத்துமூன்றாம் பக்கத்தோடு சேர்த்து அழுத்தி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். கரி போடாத பெட்டிதான், கனத்துக்காக வைத்தது. பசையும் அதிகம் இல்லை. நகத்தை விட்டு நெம்பினால் பிரிந்துவிடும். ஆனால் நெம்ப வேண்டுமென்றால் இங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும், அது தெரிய வேண்டுமென்றால் படிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் படிக்கமாட்டார்கள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அன்று மாலை எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நாடு சுதந்திரம் வாங்கிய வாரத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

'சுக்கான்' எங்கள் கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஓர் இதழ், ஒரே ஒரு பிரதி. எங்கள் ஊரில் கஜா பேராங் வட்டாரத்தில் ஒன்பது வீடு, செமாபோக்கில் இரண்டு, புக்கிட் காதிலில் இரண்டு, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மீரான் பாயின் துணிக்கடை, ஆகப் பதினான்கு இடம். இடத்துக்கு இரண்டு நாள். படித்தவர்கள் கடைசியில் தைத்திருக்கும் வெற்றுத் தாள்களில் கருத்து எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஆசிரியர் கலியாணசுந்தரம், எங்களுக்குக் கலியாணம், ஆற்றோரத்தில் ரப்பர் சேர்த்துவைக்கும் ஒரு கித்தாக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. நான் தண்ணீர் இலாகாவில் கிராணி. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் எல்லாருடைய எழுத்தையும் வாங்கி இதழாக எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதும்போதே படித்துவிடுகிறேன் என்று சொல்லி, சுற்றில் எனக்கு முறை வைக்கவில்லை; தொகுக்கும்போதே படித்துவிடும் ஆசிரியருக்கும் இல்லை.

என் ருசியைச் சொல்லிவிடுகிறேன். 'ஓ' என்று தொடங்கும் எதுவும் எனக்கு ஆகாது. ஒரு கட்டுரையில் மீன் வந்தால் அது என்ன மீன் என்று தெரிய வேண்டும். மழை வந்தால் யார் வீட்டுக் கூரை ஒழுகியது என்று தெரிய வேண்டும். தமிழன்னை, வெற்றித் திருமகள், பொன்னுலகம் எல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் கூப்பிடும் ஆட்கள். அதைவிட மோசம் கருத்துப் பக்கம். எங்கள் கூட்டத்துச் சேதுராமன் எழுதியதை ஒருவர் தேன் என்பார், அடுத்த மாதம் அவர் எழுதியதைச் சேதுராமன் கற்கண்டு என்பான். கல்யாண வீட்டு மொய் போலத்தான் இது, வைத்தவனுக்குத் திருப்பி வைத்தாக வேண்டும். நான் மட்டும் நினைத்ததை எழுதுவேன். 'நான்காம் பக்கம் தூக்கம் வந்தது.' 'இதில் வரும் நிலவை வேறு எங்கேயோ பார்த்திருக்கிறேன்.' இதனால் எனக்குக் கிடைத்த பெயர் பாகற்காய்.

இத்தனைக்கும் கலியாணமும் நானும் ஒரே வருஷம் ஒரே ஸ்கூலில் படித்தவர்கள். சண்டை போன வருஷம் மார்ச் இதழில் வந்தது. பிப்ரவரி இருபதாம் தேதி, பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்தில் நின்று கண்ணீர் விட்டதாக அவன் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். வானம் பூமாரி பொழிந்ததாம். நான் கருத்துப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'திடலில் நின்ற ஆசிரியருக்குப் பக்கத்தில் யார் நின்றார்? வெயில் முதுகில் அடித்ததா, முகத்தில் அடித்ததா? பத்துப் பக்கத்தில் ஒரு முகம்கூடத் தெரியவில்லையே.' ஊரே என் மேல் விழுந்தது. பொறாமை என்றார்கள், நாட்டுப்பற்று இல்லாதவன் என்றார்கள். கலியாணம் அந்தச் சண்டையில் சேரவில்லை. ஆனால் அடுத்த இதழிலிருந்து அட்டைக்கு உள்பக்கம் ஒரு வாசகம் போடச் சொன்னான்: 'குறை கூறுவோர் நயமாகக் கூறுக.' என்னைப் பற்றிய அறிவிப்பை என் கையாலேயே மாதாமாதம் எழுத வைத்தான். பதினெட்டு மாதம் எழுதினேன்.

செப்டம்பர் இதழுக்கு, சுதந்திரச் சிறப்பிதழ் என்று எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தபோது, அவன் தன் கட்டுரையை மற்றக் கட்டோடு சேர்க்காமல் தனியாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"படிச்சிட்டுச் சொல்லு, மருது."

"நான் சொன்னா நயமா இருக்காதே."

"பரவால்ல. சொல்லு."

தலைப்பு 'பிப்ரவரி இருபது'. மறுபடியும் அதே திடல், அதே பூமாரி என்று தலைப்பைப் பார்த்ததுமே முடிவுகட்டிவிட்டேன். ஒரே ஆறுதல், இந்தத் தடவை இரண்டே பக்கம். உண்மையில் பிரதி எடுக்கும்போது நான் படிப்பதில்லை, முடித்த பிறகுதான் கருத்துக்காகப் படிப்பேன்; இந்தத் தடவை அதற்கும் மனம் வரவில்லை. படித்துக்கொண்டே எழுதினால் எரிச்சலில் எழுத்து கோணிப்போகும். அதனால் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, அதை அப்படியே இறக்கிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுவேன். மனம் வேறு எங்காவது சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அப்படி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. இருபத்தோராம் பக்கத்தில் தலைப்பும் கொடிப் படமும். அதைத் திருப்பினால் எதிரெதிராக இரண்டு பக்கத்தில் கட்டுரை முழுவதும். அந்த இரண்டையும் ஒட்டிவிட்டால், கொடிப் படத்துக்கு அடுத்து நேராக எங்கள் சுற்றில் இருக்கும் சிவகாமசுந்தரி டீச்சரின் ஊறுகாய்க் குறிப்பு வந்து நிற்கும். கட்டுரையே இல்லாத கட்டுரை. இதற்கு எத்தனை பேர் தேன் ஊற்றுகிறார்கள், பார்க்கலாம்!

அந்த மாதம் கலியாணம் இரண்டு தடவை என் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். முதல் தடவை, "படிச்சியா?" என்றான். "எழுதியாச்சு, சுத்துக்குப் போயாச்சு" என்றேன். இரண்டாம் தடவை, கோப்பிக் கடையில் எனக்கும் சேர்த்துக் கோப்பி சொல்லிவிட்டு, குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். "ஒண்ணுமே சொல்லலியே நீ?" என்று கேட்டான். "கூட்டத்துல சொல்றேன்" என்றேன். அவன் முகம் வெளுத்தது. பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக முழுக் கோப்பியையும் குடித்தேன்.

இதழ் சுற்றி முடிந்து திரும்பியதும், அக்டோபர் முதல் ஞாயிறு மத்தியானம் கலியாணத்தின் வீட்டில் கூடினோம். பதினோரு பேர். நடுக்கூடத்தில் பாய் விரித்து, சந்திரமதி வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பிசாங் கோரெங் சுட்டுச் சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் கலியாணத்தின் மனைவி. கித்தாத் தோட்டத்தில் பிறந்து பால்மரம் வெட்டியவள், எழுத்துத் தெரியாது. கூட்டம் நடக்கும்போது மட்டும் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

வழக்கப்படி ஆசிரியர் கருத்துப் பக்கத்தை உரக்கப் படித்தான். 'ஆசிரியரின் சிறப்புக் கட்டுரை உள்ளத்தை உருக்கியது.' 'ஒவ்வொரு வரியும் முத்து.' சேதுராமன் மூன்று முறை படித்தானாம், மூன்று முறையும் மெய்சிலிர்த்ததாம். மீரான் பாய் வழக்கம்போல் ஒன்றும் எழுதாமல் கடை முத்திரையைக் குத்தி அனுப்பியிருந்தார். டீச்சர், 'கொடிப் படம் நன்று' என்பதோடு நிறுத்தியிருந்தார். ஒன்றைப் படித்து முடித்ததும் கலியாணம் தலையைத் தூக்கி எழுதியவரைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். குரல் போகப் போக இறங்கியது. புகழ்ச்சி அவனுக்கு இனிக்கவில்லை என்பதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

முடிந்ததும் எழுந்தேன்.

"புத்தகத்த இப்படிக் குடு" என்று வாங்கி, இருபத்தோராம் பக்கத்தைத் திருப்பி, ஒட்டிய தாளை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். "சேது, மூணு தடவ படிச்சேன்னு எழுதுனியே, இத எப்படிப் பிரிச்சுப் படிச்ச? மூணு தடவையும் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டுனியா?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. பேனாக்கத்தியை எடுத்து ஓரத்தில் ஓட்டினேன். காய்ந்த பசை பொலபொலவென்று உதிர்ந்தது. அப்போது புரிந்தது. சேதுராமன் கையிலிருந்த பலகாரத்தை மெல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். செமாபோக்கிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருந்த பாயின் கோரையைப் பிய்க்கத் தொடங்கினார். நான் பதினெட்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினேன். நீங்கள் படிக்கிறவர்கள் இல்லை, முதுகு சொறிகிறவர்கள் என்றேன். இந்தப் பத்திரிகையில் வெற்றுத் தாளைத் தைத்து அனுப்பினாலும் காவியம் என்பீர்கள் என்றேன். அத்தனையும் உண்மை. பேசப் பேச உடம்பு லேசானது.

கலியாணம் மட்டும் அவர்களைப் பார்க்கவில்லை. "அப்ப இத யாருமே படிக்கல" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அடுப்படி வாசலிலிருந்து சந்திரமதி கேட்டாள். "அண்ணே, நீங்க படிச்சிருப்பீங்கல்ல? நீங்கதான எழுதுனது. அதுல என்னா இருக்கு? ஒரு மாசமா இவரு சரியா சாப்புடல, தூங்கல. கேட்டா, மருது என்ன சொல்றான்னு பாக்கணும்ங்கிறாரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறந்தேன். திடல் என்று சொல்லலாம், கொடி என்று சொல்லலாம். இரண்டும் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்து, என் அழகான கையெழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தேன்.

'தேதி அறிவித்த அன்று நான் திடலில் இல்லை. மார்ச் இதழில் எழுதியது பொய். முதலாளி தவுக்கே லீவு கொடுக்கவில்லை. கிட்டங்கியின் மேல்மாடியில் கித்தா ஷீட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். திடல் பக்கமிருந்து சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தராசு முள் நிற்கும்வரை காத்திருந்து, எடையை எழுதிவிட்டுத்தான் ஜன்னலுக்குப் போனேன். ஜன்னலில் எதிர்க் கூரையும் ஒரு புகைக்கூண்டும் மட்டும் தெரிந்தன.'

நின்றுவிட்டேன். ஓர் 'ஓ' இல்லை, பூமாரி இல்லை. இத்தனை வருஷமாக நான் கத்திக் கத்திக் கேட்ட எழுத்து. அதைச் சொல்லுக்குச் சொல் என் கையால் எழுதி, எழுதின கையாலேயே பசை போட்டு மூடியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அடுத்த வரி என்ன என்று தெரிய வேண்டும் என்றிருந்தது. படிப்பதற்குள் கலியாணம் எழுந்து வந்து புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்துவிட்டான். பிடுங்கவில்லை. நிதானமாகத்தான் எடுத்தான்.

"போதும்."

"கலியாணம், இரு. முழுசாப் படிச்சிர்றேன்."

"நீ படிக்க வேணாம்."

"தப்புத்தாம்ப்பா. குடு."

"அவங்களாவது ஒட்டியிருந்ததால படிக்கல." குரல் உயரவே இல்லை. "ஒங்கிட்ட நாலு நாள் இருந்துச்சு. தெறந்துதான் இருந்துச்சு."

புத்தகத்தை மீரான் பாயிடம் கொடுத்தான். பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உதடு அசையப் படித்தார். முடித்ததும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கோரையைப் பிய்த்தவர் படித்தார். சேதுராமனிடம் போனபோது அவன் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். மூன்று தடவை படித்தானோ என்னவோ, வெகுநேரம் வைத்திருந்தான். புத்தகம் கூடத்தைச் சுற்றி வந்து, எனக்கு இந்தப் பக்கம் இருந்தவரின் கையிலிருந்து அந்தப் பக்கம் இருந்தவரின் கைக்கு, என் மடிக்கு மேலேயே போயிற்று. எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்க முடியவில்லை.

கடைசியில் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போய்ச் சந்திரமதியைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகப் படித்துக்காட்டினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் எனக்கு எட்டவில்லை. நான் எழுதிய சொற்களை மனத்துக்குள் தேடினேன். சில அகப்பட்டன. கோணிச் சாக்கு. படிக்கட்டு. கைரேகை. ஒன்றுக்கொன்று சேராமல் தனித்தனியாகக் கிடந்தன. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் 'மருதமுத்து' என்று எழுதியிருக்கிறேன். என் பெயர் வந்ததும், சரி, வசவு ஆரம்பம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப்போன இடம் அது. ஒரு தடவையா, இரண்டு தடவையா?

கலியாணம் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். சேதுராமன் செருப்பைத் தேடினான். அடுப்படி வாசலில் டீச்சரின் வாய் ஒரு பெயரைச் சொல்வது போல் அசைந்தது. சந்திரமதி சட்டென்று தலையைத் திருப்பி, என்னைப் புதிதாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றாள். டீச்சரின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.