சாவோரி தலை திரும்பும் நேரம்

கம்பெனி தன் வீடியோ பெட்டி தயாரிப்பதை நிறுத்திய வருஷம், குனுகிதானி ஊரிலிருந்த பெட்டிகளெல்லாம் ஒரே நாளில் நின்றன. மறுநாள் கானெமாரு வீட்டுப் பெட்டியிலிருந்து, காய்ச்சலில் செத்துப்போன மகள் சாவோரி இறங்கி வந்தாள். முள்ளங்கி விலை ஏறியிருந்த டிசம்பர் அது. அந்தக் கம்பெனியின் கேசட் வேறு எந்தப் பெட்டியிலும் ஓடாது. வாடிக்கையாளர் வேறெங்கும் போய்விடக் கூடாதென்று அப்படித்தான் செய்திருந்தார்கள். ஊரே அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் சம்பளம் வாங்கியது. போட்டிக் கம்பெனியின் பல்பைக்கூட யாரும் கையில் பிடித்துத் தெருவில் நடக்க மாட்டார்கள்.

சாவோரியின் அம்மா கினுயோவின் தம்பி யோஷிஹாரு, கேமரா கடை வைத்திருந்தவன், முந்தின வருஷமே சொல்லிப் பார்த்தான். "அத்தான், உலகமே இப்ப அந்தப் பெரிய கேசட்டுக்குப் போயிடுச்சு. உங்க பெட்டி ஓடுறப்பவே பிள்ளை இருக்கிற படத்தை அதுல ஒரு நகல் எடுத்து வச்சுக்கலாம்."

சாவோரியின் அப்பா தெத்சுஜி மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே, "எதிராளி பெட்டி என் வீட்டுப் படி ஏறாது, மாப்ளே. கம்பெனி எங்களைக் கைவிடாது" என்றான்.

"கம்பெனிக்குத்தான் நீங்க மருமகன், எங்க வீட்டுக்கு யாரோ" என்று முனகினான் தம்பி. கினுயோ சோறு பரிமாறினாள். அன்று வாய் திறக்காததற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

பெட்டியிலிருந்து இறங்கி வந்தவளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கைக்குள் ஒன்றும் சிக்கவில்லை. சாவோரி படத்தில் செய்ததை மட்டும்தான் செய்தாள். கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டி, ஆரஞ்சு உரித்து, கேமரா இருந்த மூலையைப் பார்த்து, "அப்பா, அம்மா இன்னும் வரலையா?" என்றாள். தெத்சுஜி படம் பிடித்த அன்று கினுயோ கடைக்குப் போயிருந்தாள். இப்போது எதிரிலேயே உட்கார்ந்து, "வந்துட்டேன்டி, இங்க பாரு" என்று கெஞ்சினாள். பிள்ளை மூலையையே பார்த்தது. ஒரே ஒரு தடவை தன்னைப் பார்க்க மாட்டாளா என்று கினுயோ வீட்டைவிட்டு நகராமல் கிடந்தாள்; கடைகண்ணிக்கெல்லாம் தெத்சுஜிதான் போய்வந்தான்.

அவனே ஒரு நாள் பட்டப்பகலில் எதிராளி பெட்டியைத் தெருவே பார்க்கச் சுமந்து வந்தான். யாரும் ஏசவில்லை, வேறு வீடுகளிலும் ஆட்கள் இறங்கியிருந்தார்கள், பல் டாக்டர் வீட்டில் ஒரு கல்யாணக் கூட்டமே. பழைய பெட்டியைப் பிரித்துக் கேசட்டை எடுத்துப் புதியதற்குள் விட்டான். அது உள்ளே லொடலொடவென்று ஆடியது. "நான்தான் பிள்ளையைப் பூட்டி வச்சுட்டேன்" என்று தலையில் கைவைத்து அழுதான்.

பிறகு கம்பெனி தொழிற்சாலையைத் தெற்கே மாற்றியது. ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் பெட்டியோடு கொண்டுபோன இறந்தவர்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்டியதும் கோடு கோடாகிக் கலைந்தார்கள். அதனால் தெத்சுஜி, பலரும் செய்வதுபோல, குடும்பத்தை விட்டுத் தனியாகவே வேலைக்குப் போனான்.

அரிசி தீர்ந்த ஒரு சாயங்காலம் கினுயோ வேறு வழியில்லாமல் கடைக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் தள்ளியபோது சாவோரியின் தலை வாசல் பக்கம் திரும்பியது. காது தெரிந்தது, கன்னத்தின் ஓரம் தெரிந்தது, சிரிப்பு தொடங்கியது, ஆள் மறைந்துவிட்டாள். படம் பிடித்த அன்று மனைவி வந்த சத்தம் கேட்டதும் தெத்சுஜி கேமராவை நிறுத்தியிருந்தான், டேப் வீணாக வேண்டாமென்று. மறுநாள் காலை சாவோரி மறுபடி ஆரஞ்சு உரித்தாள்.

அம்மா வந்து கதவைத் திறக்காவிட்டால் பிள்ளை போகமாட்டாள், இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பாள். திறந்தால் போய்விடுவாள். காக்க வைக்கக் கினுயோவுக்கு மனசு வரவில்லை. தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டி வெளியே போகிறாள், வாசலில் கொஞ்சம் நிற்கிறாள், கதவைத் தள்ளி, "வந்துட்டேன்" என்கிறாள். அந்த நேரத்தில் அந்தத் தெரு வழியே போகிறவர்கள் சைக்கிள் மணி அடிப்பதில்லை.