பதினைந்துக்கு நான்கு நாள்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து ஒன்பதாவது மாடிக்குச் சாரக் குழாய் ஏற்றியிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு, கொக்குரா வார்டு ஆபீஸில் மனைவி தொமோஏ பக்கத்தில் உட்கார்ந்தபோது நாற்காலியும் குத்தியது.

அவளுடைய முதல் கல்யாணத்து மகள் சிஹாருவை நான் தத்தெடுக்கிறேன். ஏழு வருஷமாக ஒரே வீடுதான். சாட்சிக் கையெழுத்து இரண்டையும் எங்கள் மேஸ்திரியும் அவர் சம்சாரமும் போட்டிருந்தார்கள்.

கவுண்டர் பெண் படிவத்தைப் புரட்டினாள். “பொண்ணுக்குப் பதினஞ்சு ஆகல. அதனால சட்டப் பிரதிநிதியா அம்மாவே சம்மதம் குடுத்திருக்கீங்க. பதினஞ்சு ஆயிட்டா அவங்களேதான் கையெழுத்துப் போடணும்.”

“வெள்ளிக்கிழமை பொறந்தநாள். அதான் இன்னைக்கே வந்தோம்” என்றாள் தொமோஏ.

“பொண்ணுக்குத் தெரியுமில்ல?”

“சொல்லிக்கலாம்.” தொமோஏ என் பக்கம் குனிந்து, “கேட்டா அவ அப்பாவோட சோனோதா பேருதான் வேணும்னு அடம்பிடிப்பா. ஹைஸ்கூல் விண்ணப்பத்துல வீட்டுக்கு ஒரே பேரா இருக்கட்டும்” என்றாள்.

இது சாதாரணத் தத்துதான், பெற்ற அப்பன் சோனோதா அப்பனாகவே இருப்பான், பேர் மட்டும்தான் என்னுடைய குரோயிவா ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கவுண்டர் பெண் என்னைப் பார்த்தாள். நான் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். முத்திரை விழுந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னோம். சிஹாரு மீன் முள்ளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“நாலு நாள் பொறுக்க முடியலையா?”

“பேரு மாறுறதுதானேடி.”

“உன்னக் கேக்கலம்மா. ஷிகே-சான், உங்களைத்தான் கேக்கறேன். இடுப்புல கயிறு கட்டாம ரெண்டாவது மாடி ஏற மாட்டீங்க. என் பேருல கை வைக்க மட்டும் அவ்வளவு தைரியமா?”

“கேட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பியா?” என்றேன்.

“அது கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். இனி எனக்கே தெரியாது.”

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வந்தவள், கேக் பெட்டியைத் தள்ளிவிட்டு ஒரு தாளை விரித்தாள். தத்து நீக்கப் படிவம்.

“இதுல நானே கையெழுத்துப் போடலாமாம். இன்னைலேர்ந்து.”

“பொறந்தநாள் அதுவுமா இதுக்கா போனே?” என்றாள் தொமோஏ.

“வர்ற வழிதானே.”

நானும் அவளும் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். பேனாவை எடுத்து என் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தொமோஏ என் கையைப் பிடித்தாள். அதற்குள் எழுதி முடித்திருந்தேன். சிஹாரு மை காயும்வரை ஊதினாள். தன் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, தாளை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

“அவசரமில்ல. கேக்கை வெட்டுங்க.”

வெட்டினேன். பெரிய துண்டாக அவளுக்கே வைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு, மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டியிருந்தது. கையெழுத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பு இன்னும் பாக்கி.